டிரைபாட் வாங்கப் போகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்!

ஜனவரி மாதத்து ஒரு காலை நேரம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில், உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே சேற்றில் நூற்றுக்கணக்கான உள்ளான்கள் மேய்ந்து கொண்டிருந்தன. ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு கொசு உள்ளானின் காலில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கொடி தெரிந்தது. அதில் எழுத்துகளும் இருந்தன.

பறவை ஆராய்ச்சியாளர்கள் மாட்டிவிடும் அடையாளக் கொடி அது. அந்த எழுத்துகளைப் படித்துச் சொன்னால் அந்தப் பறவையை எங்கே, எப்போது பிடித்துக் கொடி மாட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பறவை எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

நான் படிக்கவில்லை. படிக்க முடியவில்லை! கடல் காற்றில் என் டிரைபாட் நடுங்கிக் கொண்டே இருந்தது. ஃபோகஸ் வளையத்தைத் தொட்டாலே படம் குதித்தது. கையை எடுத்துவிட்டு, படம் அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அது அடங்குவதற்குள் அடுத்த காற்று வந்தது. நான்கு நிமிடம் போராடியிருப்பேன். ஏதோ சத்தம் கேட்டுக் கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்துவிட்டது.

இத்தனைக்கும் அந்த டிரைபாட் வந்த பெட்டியில் '8 கிலோ தாங்கும்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான் அதன் மேல் வைத்திருந்ததோ இரண்டு கிலோவுக்கும் குறைவு. பிறகு ஏன் நடுங்கியது? சென்னைக்குத் திரும்பியதும் இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்தேன். அப்போது கற்றுக்கொண்டதை இங்கே பாடமாகத் தருகிறேன். பறவை பார்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, டூர் போகும்போது கேமராவுக்கு ஒரு லேசான டிரைபாட் வாங்க நினைக்கும் எல்லோருக்கும் இது உதவும்.

தாங்குவது வேறு, அசையாமல் நிற்பது வேறு

டிஜிட்டல் கேமரா புதிதாக வந்த காலத்தில் எல்லோரும் மெகாபிக்ஸல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கினோம் அல்லவா? டிரைபாட் விஷயத்தில் அந்த இடத்தில் இருப்பது 'லோடு கெப்பாசிட்டி'. எத்தனை கிலோ வைத்தால் கால் வழுக்காமல், உடையாமல் நிற்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. காற்றடித்தால் எவ்வளவு ஆடும் என்பதை அது சொல்வதில்லை. அந்த எண்ணையும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து போட்டுக் கொள்கிறது. எனவே ஒரு நிறுவனத்தின் 8 கிலோவையும் இன்னொரு நிறுவனத்தின் 8 கிலோவையும் ஒப்பிட முடியாது.

ஸ்கோப்புக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பறவை 50 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஸ்கோப்பை 40 மடங்கில் வைத்திருக்கிறீர்கள். 50-ஐ 40-ஆல் வகுத்தால் 1.25. அதாவது, பறவை ஒன்றேகால் மீட்டர் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். அவ்வளவு அருகில் இருந்தால் 5 மி.மீ. உயர எழுத்தைத் தாராளமாகப் படிக்கலாம்.

இப்போது ஸ்கோப் லேசாக அசைகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் நீளம் 35 செ.மீ. முன்முனை வெறும் 0.035 மி.மீ. மேலே கீழே ஆடுகிறது. நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. இந்த ஆட்டம் 50 மீட்டர் தூரத்தில் 5 மி.மீ. ஆகிவிடும். எழுத்தின் உயரமும் 5 மி.மீ., ஆட்டமும் 5 மி.மீ. எப்படிப் படிப்பது? அரை முடி அளவு ஆட்டத்தில் என் கொடி போனது!

சாதாரண லென்ஸில் எடுக்கும் இயற்கைக் காட்சிக்கு இந்த ஆட்டம் ஒரு பொருட்டே அல்ல. அதனால்தான், நண்பர் ஊட்டியில் அருமையாகப் படம் எடுத்த அதே டிரைபாட் உங்கள் ஸ்கோப்புக்கு உதவாமல் போகிறது.

குழாயின் விட்டத்தைக் கேளுங்கள்

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை கிலோ தாங்கும்?' என்பது அல்ல. 'கால் குழாயின் விட்டம் எவ்வளவு?' என்பதுதான்.

இன்ஜினீயரிங் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்த ஒரு பாடம் இங்கே கைகொடுத்தது. மெல்லிய சுவருள்ள ஒரு குழாயின் வளையாத தன்மை, விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது விட்டத்தை அதே எண்ணால் மூன்று முறை போட்டுப் பெருக்க வேண்டும். 22 மி.மீ. குழாயையும் 28 மி.மீ. குழாயையும் எடுத்துக் கொள்ளுங்கள். சுவரின் தடிமன் இரண்டிலும் ஒன்றே.

22 x 22 x 22 = 10,648
28 x 28 x 28 = 21,952

விட்டத்தில் 6 மி.மீ.தான் வித்தியாசம். உறுதியோ இரண்டு மடங்கு! எடை எவ்வளவு கூடும்? அது விட்டத்துக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். கால்வாசிக்குச் சற்று மேல். இதைவிட லாபகரமான பேரம் டிரைபாட்டில் வேறு கிடையாது.

இன்னொரு விஷயம். மேல் குழாயின் விட்டத்தைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகும் குழாய்கள் என்பதால், ஒவ்வொரு பகுதிக்கும் சுமார் 3 மி.மீ. குறைந்துகொண்டே போகும். நான்கு பகுதி கொண்ட காலில் 28, 25, 22, 19 என்று வரும். ஐந்து பகுதி என்றால் கடைசியில் 16 மி.மீ. குச்சி ஒன்று நிற்கும். சங்கிலியில் மெலிந்த கண்ணிதான் முதலில் காலை வாரும். எனவே கடைசிக் குழாயின் விட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். என் பழைய டிரைபாட்டின் கடைசிக் குழாயை வெர்னியரால் அளந்து பார்த்தேன். 13 மி.மீ.! பேனாவைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

பகுதிகள் கூடினால் மடித்த நீளம் குறையும். பைக்குள் அழகாக அடங்கும். ஆனால் ஒவ்வொரு பூட்டும் ஆடுவதற்கு ஒரு புது இடம். விரிக்கவும் மடிக்கவும் நேரமும் கூடுதல். ஸ்கோப்புக்கு நான்கு பகுதி போதும். ஐந்து பகுதி என்பது, பை மிகச் சிறியதாக இருந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்.

உங்களுக்கு எத்தனை செ.மீ. உயரம் வேண்டும்?

'உயரமானது இருக்கட்டும், எதற்கும் உதவும்' என்று நினைக்காதீர்கள். தேவைக்கு மேல் உள்ள ஒவ்வொரு செ.மீ.க்கும் எடையாகவும் பணமாகவும் விலை கொடுக்கிறீர்கள். குட்டையாக இருந்தால் முதுகு விலை கொடுக்கும்.

கணக்கு எளிது. என் உயரம் 172 செ.மீ. கண் இருப்பது சுமார் 160 செ.மீ. உயரத்தில். டிரைபாட் தலையின் உயரம் சுமார் 10 செ.மீ. தலைக்கு மேல் ஸ்கோப்பின் கண்பகுதி சுமார் 8 செ.மீ. இரண்டையும் கழித்தால் 142 செ.மீ. இதுதான் எனக்குத் தேவையான கால் உயரம். நேராகப் பார்க்கும் ஸ்கோப்புக்கான கணக்கு இது. கண்ணை வைத்துப் பார்க்கும் கேமராவுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான்.

ஆனால் கண்பகுதி 45 டிகிரி சாய்ந்த ஸ்கோப்பும் உண்டு. அதில் தலையைக் குனிந்து பார்க்கிறோம். அதனால் கண்பகுதி 20 செ.மீ. தாழ்வாக இருந்தாலும் வசதியாகத்தான் இருக்கும். 142 என்பது 122 ஆகிவிடுகிறது! குட்டையான கால் போதும் என்பதால் எடை குறைகிறது, ஆட்டமும் குறைகிறது. ஒரே முனையில் தள்ளும்போது குழாயின் வளைவு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. எனவே 20 செ.மீ. குறைவது சாதாரண விஷயம் அல்ல. உயரத்தில் வேறுபட்ட நண்பர்கள் மாறி மாறிப் பார்ப்பதற்கும் சாய்வு ஸ்கோப்தான் வசதி. இன்னும் ஸ்கோப் வாங்காதவர்கள் இதை மனதில் வையுங்கள். டிரைபாட் தேர்வு உண்மையில் ஸ்கோப் வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது.

கேமராவிலும் திருப்பிப் பார்க்கும் ஸ்கிரீன் இருந்தால் இதே லாபம் கிடைக்கும்.

நடுத்தண்டை நம்பாதீர்கள்

விளம்பரத்தில் போடும் 'அதிகபட்ச உயரம்' பெரும்பாலும் நடுத்தண்டை முழுக்க உயர்த்தி அளந்ததாக இருக்கும். ஓர் உதாரணம். பீக் டிசைன் நிறுவனம் 2019-ல் அறிமுகப்படுத்திய டிராவல் டிரைபாட்டின் அதிகபட்ச உயரம் 152.4 செ.மீ. நடுத்தண்டை உயர்த்தாமல் அளந்தால் 130.2 செ.மீ. இந்த நிறுவனம் இரண்டையும் வெளிப்படையாகச் சொல்கிறது. பல நிறுவனங்கள் முதல் எண்ணோடு நிறுத்திக் கொள்கின்றன.

தண்டை உயர்த்தினால் என்ன ஆகும்? மூன்று கால் மேல் ஒற்றைக் கால் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் ஸ்கோப்பை வைத்தது போலாகும். அந்த ஜனவரிக் காலையில் நான் செய்த பெரிய தவறு இதுதான். கால் உயரம் போதாமல் நடுத்தண்டை முழுக்க உயர்த்தியிருந்தேன். எனவே உங்கள் கணக்கில் வந்த உயரத்தை, நடுத்தண்டு இல்லாத உயரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மேட்டில் கட்டியிருக்கும் கூட்டைப் பார்க்க அவசரத்துக்கு ஐந்து செ.மீ. உயர்த்துவது வேறு விஷயம்.

அலுமினியமா, கார்பன் ஃபைபரா?

பிரான்சில் தொடங்கப்பட்ட ஜிட்ஸோ நிறுவனம் 1994-ல் கார்பன் ஃபைபர் டிரைபாட்டைக் கொண்டு வந்தது. இன்று பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. 'கார்பன் என்றால் பாதி எடை' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். முழு டிரைபாட்டைத் தராசில் வைத்தால் அப்படி இல்லை. குழாய் மட்டும்தான் கார்பன். தலை, பூட்டு, தோள்பட்டை, திருகு எல்லாம் இரண்டிலும் உலோகம்தான். மேலே சொன்ன அதே பீக் டிசைன் மாடலில் அலுமினியம் 1.56 கிலோ, கார்பன் 1.27 கிலோ. குறைவது 290 கிராம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. விலை வித்தியாசமோ பல ஆயிரம் ரூபாய்.

அப்படியானால் கார்பன் வீணா? இல்லை. அதிர்வு அதில் சீக்கிரம் அடங்கும். வெயிலில் அலுமினியம் போலச் சுடாது, மலைக் குளிரில் கையை உறைய வைக்காது. காலையிலிருந்து மதியம் வரை தோளில் தூக்கி நடப்பவருக்கு 290 கிராமும் பெரிய எடைதான். என் ஆலோசனை: கையில் இருக்கும் பணத்துக்கு மெலிந்த கார்பன் கிடைக்கிறது, தடித்த அலுமினியம் கிடைக்கிறது என்றால் தடித்த அலுமினியத்தை வாங்குங்கள். இரண்டுக்கும் பணம் இருந்தால் தடித்த கார்பன்!

தலைதான் பிரதானம்

நல்ல கால்களை வாங்கிவிட்டு இலவசமாக வந்த தலையை மாட்டுவது, நல்ல கம்ப்யூட்டருக்கு உடைந்த மவுஸ் போடுவது போல. மூன்று வகைகளைப் பார்ப்போம்.

பால் ஹெட்: ஒரே திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசையிலும் திரும்பும். சிறியது, லேசானது. போட்டோவுக்கு நல்லது. ஸ்கோப்புக்குச் சரிவராது. பறவை நடக்க நடக்கத் தொடர வேண்டும். தளர்த்தினால் ஸ்கோப் தொபுக்கென்று சாய்கிறது. இறுக்கினால் பறவை வட்டத்தைவிட்டுப் போய்விடுகிறது. கனமான ஸ்கோப் அப்படிச் சாயும்போது டிரைபாட்டையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு.

ஃப்ளூயிட் ஹெட்: வீடியோ எடுப்பவர்களுக்காக வந்தது. உள்ளே உள்ள கெட்டியான கிரீஸ் போன்ற திரவம் அசைவை மெதுவாக்கும். ஒரு கைப்பிடியைப் பிடித்து, ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நிதானமாகத் திருப்பிக்கொண்டே போகலாம். விட்ட இடத்தில் நிற்கும். ஸ்கோப்புக்கு இதுதான். அரைக் கிலோ எடையிலேயே சிறிய ஃப்ளூயிட் ஹெட்டுகள் கிடைக்கின்றன. பயணத்துக்கு அவை போதும்.

கிம்பல் ஹெட்: 500, 600 மி.மீ. பெரிய லென்ஸ்களுக்கானது. லென்ஸ் ஊஞ்சல் போலத் தொங்கும். பறக்கும் பறவையைத் தொடர அருமை. ஆனால் கனம், பருமன். லேசான பயணம் என்ற நம் தலைப்புக்கு வெளியே நிற்கிறது.

ஸ்கோப், கேமரா இரண்டுக்கும் ஒரே தலை வேண்டுமென்றால் சிறிய ஃப்ளூயிட் ஹெட்டையே வாங்குங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்புவதுதான் இதில் சிரமம். டெலி லென்ஸின் கழுத்து வளையத்தில் தகட்டை மாட்டினால், வளையத்தைத் தளர்த்தி கேமராவைத் திருப்பிக் கொள்ளலாம். சிரமம் தீர்ந்தது.

தகட்டைப் பற்றி இரண்டு வரி. கேமராவின் அடியில் 1/4 அங்குலத் திருகுத் துளை இருக்கும். கால்களுக்கும் தலைக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் 3/8 அங்குலம். தகடு 'ஆர்கா ஸ்விஸ்' வகையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் பின்பற்றும் வகை என்பதால் தொலைந்தால் வேறு தகடு எளிதாகக் கிடைக்கும். பல ஸ்கோப்புகளின் பாதமே இந்த வடிவில் வருகிறது. தகடு இல்லாமல் நேரடியாகப் பூட்டலாம். ஆடக்கூடிய ஒரு இணைப்பு மிச்சம்.

எக்ஸெல்லில் ஒரு தேர்வுப் பட்டியல்

நாலைந்து மாடல்களைப் பார்த்துக் குழம்பும்போது எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளைக் கொடுங்கள்.

1. மாடல் பெயர்
2. கால்களின் எடை
3. தலையின் எடை
4. தலையோடு சேர்த்து மடித்த நீளம்
5. நடுத்தண்டை உயர்த்தாத உயரம்
6. கடைசிக் குழாயின் விட்டம்
7. விலை

இவற்றை இணையத்தில் தேடி நிரப்புங்கள். இனி மூன்று கணக்குப் பத்திகளைச் சேர்க்க வேண்டும். எட்டாவது பத்தியில் இரண்டையும் மூன்றையும் கூட்டினால் மொத்த எடை. ஒன்பதாவதில் இஃப் ஃபார்முலா கொடுங்கள். ஐந்தாம் பத்தியின் உயரம் உங்களுக்குத் தேவையான உயரத்தைவிடக் குறைந்தால் 'குட்டை' என்றும், இல்லாவிட்டால் 'சரி' என்றும் வர வேண்டும். பத்தாவதில் கடைசிக் குழாயின் விட்டத்தை மூன்று முறை பெருக்கி, பட்டியலில் உள்ள முதல் மாடலின் அதே பெருக்குத்தொகையால் வகுத்துவிடுங்கள். முதல் மாடலைவிட எத்தனை மடங்கு உறுதி என்பது வந்துவிடும்.

என் பழைய டிரைபாட்டை முதல் வரியில் போட்டேன். 13 மி.மீ.க்கு 2,197. பிறகு நான் வாங்கிய டிரைபாட்டின் கடைசிக் குழாய் 19 மி.மீ. அதற்கு 6,859. வகுத்தால் 3.12. மூன்று மடங்கு! குழாய்ச் சுவரின் தடிமன், பூட்டின் தரம் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. எனவே இதைத் தீர்ப்பாக எடுத்துக் கொள்ளாதீர்கள். ஐந்து மாடலை இரண்டாக வடிகட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அந்த இரண்டையும் நேரில் பார்க்கக் கடைக்குப் போங்கள்.

செல்போனே சோதனைக்கூடம்

கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்கோப்பையோ கேமராவையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். கூடவே செல்போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பை நிறுவிக் கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான இது ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இயங்கும். செல்போனுக்குள் இருக்கும் அசைவு உணரியின் அளவுகளைக் கிராஃபாகக் காட்டும்.

செய்முறை இதோ.

1. டிரைபாட்டை உங்களுக்கு வேண்டிய உயரத்துக்கு விரித்து ஸ்கோப்பை மாட்டுங்கள்.
2. செல்போனை ரப்பர் பேண்டால் ஸ்கோப்பின் முதுகில் இறுக்கமாகக் கட்டுங்கள்.
3. ஆப்பில் 'ஆக்ஸிலரேஷன் வித்அவுட் ஜி' என்பதைத் தேர்ந்தெடுத்து பிளே பட்டனைத் தட்டுங்கள்.
4. ஒரு நூலில் பள்ளிக்கூட ரப்பரைக் கட்டி, ஒரு காலின் நடுப்பகுதியில் ஊசல் போல மோத விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்திலிருந்து விட வேண்டும்.
5. கிராஃபில் அலை எழுந்து, சிறுத்து, பழையபடி கோடாகும். எத்தனை விநாடி ஆயிற்று என்று பாருங்கள்.

அளவுகளை எக்ஸெல் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யும் வசதியும் மெனுவில் உண்டு. செல்போனின் எடையும் கூடச் சேர்கிறதே என்று கேட்கலாம். எல்லா டிரைபாட்டுக்கும் அதே செல்போன்தானே? ஒப்பிடுவதற்குத் தடையில்லை.

வீட்டு மொட்டை மாடியில் என் பழைய டிரைபாட்டைச் சோதித்தபோது அலை அடங்க நான்கு விநாடிக்கு மேல் ஆனது. நடுத்தண்டை முழுக்க இறக்கியதும் அது ஏறக்குறைய பாதியானது. புதிதாக எதுவும் வாங்காமல், காசு செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம்! புதிய டிரைபாட் ஒரு விநாடியில் அடங்கியது.

கடையில் ரப்பரும் நூலுமாக நிற்கக் கூச்சமாக இருந்தால் சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்கோப்பை அதிகபட்ச மடங்கில் வைத்துத் தெருக்கோடியில் உள்ள பெயர்ப் பலகையைப் பாருங்கள். கண்ணை எடுக்காமல் காலை விரலால் சுண்டுங்கள். எழுத்து நிற்கும் வரை மனதில் எண்ணுங்கள். பிறகு தலையைப் பிடித்து ஜாடி மூடியைத் திறப்பது போல மெல்ல முறுக்குங்கள். தோள்பட்டை நெகிழ்ந்து கொடுத்தால் அந்த டிரைபாட் வேண்டாம்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

* முதலில் மேலே உள்ள தடித்த பகுதிகளை இழுங்கள். கடைசி மெல்லிய பகுதியைத் தேவைப்பட்டால் மட்டும். உட்கார்ந்து பார்த்தால் அதைத் தொடவே வேண்டாம்.
* ஒரு கால், ஸ்கோப் பார்க்கும் திசையில் இருக்கட்டும். மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே நீங்கள் நில்லுங்கள். இடறாது. சரிவில் இரண்டு கால்கள் பள்ளத்தின் பக்கம் வர வேண்டும்.
* அடியில் கொக்கி இருந்தால் பையை மாட்டுங்கள். பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடி, இருப்பதையும் கெடுக்கும்.
* வேடந்தாங்கல் போன்ற இடங்களில் கண்காணிப்புக் கோபுரத்தில் கூட்டமாக ஏறுவார்கள். ஒருவர் நடந்தால் தளமே அதிரும். எவ்வளவு நல்ல டிரைபாட்டும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. முடிந்தால் தரையில் நின்று பாருங்கள்.
* காற்றில் 60 மடங்குக்கு ஆசைப்படாதீர்கள். 30 மடங்கில் நிற்கும் படம், 60 மடங்கில் நடுங்கும் படத்தைவிட அதிகம் சொல்லும்.
* ஷட்டர் பட்டனைக் கையால் அழுத்தாமல் 2 விநாடி டைமரையோ ரிமோட்டையோ பயன்படுத்துங்கள். ஸ்கோப்பின் பின்னால் செல்போனை மாட்டிப் படம் எடுப்பவர்களுக்கு ப்ளூடூத் ரிமோட் கைகொடுக்கும். செல்போன் மாட்டியதும் எடை பின்பக்கம் சாயும். தகட்டை நகர்த்திச் சமன் செய்யுங்கள்.
* பழைய லென்ஸ்களில் உள்ள அதிர்வுக் குறைப்பு வசதியை டிரைபாட்டில் நிறுத்திவிடுவது நல்லது. புதியவை பலவும் தாமே உணர்ந்து கொள்ளும். லென்ஸோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

விமானப் பயணமா? உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான். ஸ்கோப்பும் கேமராவும் கையில் வரட்டும். டிரைபாட்டைத் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் வாக்குவாதம் மிச்சம். தலையைக் கழற்றி வைத்தால் நீளமும் குறையும்.

உப்புதான் எதிரி

உப்பளம், கடற்கரை, காயல் போய்வந்த அன்றே கால்களை முழுக்க இழுத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். விரித்தபடியே நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் உப்பு உள்ளே தங்கிப் பூட்டுகளை அரிக்கும். 'கார்பன் துருப்பிடிக்காதே' என்று இருந்துவிடாதீர்கள். கார்பனும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். திருகும் வகைப் பூட்டை வருடத்தில் ஓரிரு முறை பிரித்துத் துடையுங்கள். மணல் சேர்ந்திருந்தால் கரகரவென்ற சத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

டிரைபாட்டே வேண்டாத நேரம்

ஜீப்பிலோ காரிலோ உட்கார்ந்து பார்க்கும் பயணத்துக்கு டிரைபாட் சுமைதான். பழைய ஜீன்ஸ் காலில் ஒரு துண்டை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, மறுபக்கம் ஜிப் வையுங்கள். காலிப் பையாக எடுத்துச் சென்று, போன ஊரில் ஒன்றரைக் கிலோ அரிசி வாங்கி நிரப்புங்கள். கார் ஜன்னல் விளிம்பில் போட்டு அதன் மேல் லென்ஸை அழுத்தி வைத்தால் அசையாது. என்ஜினை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள். ஊர் திரும்பும்போது அரிசியை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

நான் என்ன வாங்கினேன்?

நான்கு பகுதி கார்பன் கால்கள், அரைக் கிலோ ஃப்ளூயிட் ஹெட். மொத்தம் 1.85 கிலோ. பழையதைவிட முக்கால் கிலோ கூடுதல். மடித்தால் கொஞ்சம் நீளம்தான். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார். லேசானது வேண்டும் என்று தேடப்போய்க் கனமானதை வாங்கி வந்திருக்கிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். நடுங்கும் டிரைபாட்டைச் சுமப்பது அத்தனையும் வீண் சுமை என்பது ஒரு கிலோவுக்கு மேல் தூக்கி நடந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மறு வருடக் குளிர்காலத்தில் அதே வரப்பில், அதே கடல் காற்றில் நின்றேன். அந்தப் பறவை வரவில்லை. வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் மூன்றாம் நாள் காலையில் வேறொரு உள்ளானின் காலில் கொடி ஒன்று தெரிந்தது. நடுத்தண்டு கீழே, மெல்லிய பகுதி உள்ளே, பை தரையைத் தொட்டபடி கொக்கியில். தரையில் உட்கார்ந்து 40 மடங்கில் பார்த்தேன். எழுத்துகள் நின்றன. வாய்விட்டுப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டு, செல்போனிலும் ஒரு படம் எடுத்தேன். கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆய்வு செய்துவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அன்று மாலையே தேதி, இடம், எழுத்துகளோடு விவரத்தை அனுப்பி வைத்தேன்.

நீங்கள் புது டிரைபாட் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் கண் உயரத்தை அளந்து வையுங்கள். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றால் நடுத்தண்டை இறக்கிவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். புதிது வாங்கவே தேவைப்படாமலும் போகலாம்.